மூன்றாம் ஜன்னல் கோவிந்தராசு

சும்மா இருக்கிற ஆட்களை உண்டாக்குவது என் தொழில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சம்பளம் பிரான்சில் லியோன் நகரத்திலிருந்து மாதம் தவறாமல் வருகிறது என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அதில் ஏதாவது வழி உண்டா என்று விசாரிக்கிறார்கள்.

வீடியோ கேம் என்றால் எல்லாருக்கும் கதாநாயகன் ஞாபகம்தான். அவன் வாளைச் சுழற்றுவான், மதில் தாண்டுவான், டிராகனோடு மல்லுக்கு நிற்பான். அவனைச் செய்ய எங்கள் ஸ்டூடியோவில் ஒரு படையே இருக்கிறது. ஆனால் அவன் ஓடுகிற தெருவில் நாலு பேர் நிற்க வேண்டாமா? காவல்காரன், மீன் விற்கிறவள், சுவரில் சாய்ந்து யாரையோ எதிர்பார்க்கிற ஒருவன். இவர்கள் விறைத்து நின்றால் விளையாடுகிறவனுக்கு அந்த ஊரே பொய்யாகத் தெரியும். ஒருவன் மூக்கைச் சொறிய வேண்டும், ஒருத்தி கால் மாற்றி நிற்க வேண்டும். அதுவும் ஒரே அசைவுதான் சுற்றிச் சுற்றி வருகிறது என்று யாரும் கண்டுபிடிக்காதபடி. அதைத்தான் நான் செய்கிறேன், காரைக்காலுக்கு வடக்கே கோட்டுச்சேரியில், அப்பா கட்டிய வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு. என் பெயர் ஷந்தால்.

எங்கள் கடைசி விளையாட்டு ஒரு மந்திர நகரத்தில் நடக்கிறது. அங்கே ஒரு கருவூலம், கருவூலத்தில் மூன்று ஜன்னல்கள். மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. கதாநாயகன் ராஜமுத்திரை வைத்த ஓலையோடு அவர் முன்னால் போய் நிற்பான். குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார். பேனா மூடியைத் திறப்பார். முனையை வெளிச்சத்தில் பார்ப்பார். மூடுவார். இழுப்பறையைத் திறந்து உள்ளே எதையோ பார்த்து வருத்தப்பட்டு மூடுவார். அவ்வளவுதான். கடைசிவரை ஒன்றும் நடக்காது. பின்பக்கச் சுவரேறிக் குதிப்பதுதான் வழி. பிரேசிலில் ஒருவர் ஒரு பகல் முழுக்க அவர் முன்னால் நின்றும் அசைவு எங்கே திரும்பி வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என வீடியோ போட்டார். அதன்பிறகு டிராகனை விட்டுவிட்டு உலகமே குமாஸ்தாவைப் பார்க்க வந்தது.

ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சும் வைத்திருந்தேன். மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

விருது ஒன்று வந்தபோது பிரெஞ்சுப் பத்திரிகைக்காரி ஒருத்தி பேட்டி எடுத்தாள். சிறு வயதில் உங்களைப் பாதித்தவை என்னென்ன என்று கேட்டாள். இந்தியாவிலிருந்து ஒரு கலைஞர் என்றால் என்ன பதிலை எதிர்பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கோயில் சிற்பங்கள், வங்கக் கடலின் அலை, மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசுகிற மாம்பழம் காற்றில் வளைந்து வருகிற அழகு என்று அடுக்கினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனையும் புளுகு. சிற்பத்தை நான் நின்று பார்த்ததே இல்லை. மாம்பழம் ஒரு தடவை நெற்றியில் விழுந்து வீங்கியதோடு சரி.

என்னைப் பாதித்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பொதுச் சான்றளிப்பு நிலையம்.

எந்தச் சான்றுக்கு எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் மக்கள் ஊரெல்லாம் அலைகிறார்களே என்று இரக்கப்பட்டு, ஒரே இடத்தில் அலையட்டும் என்று திறக்கப்பட்டது அது. நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள், இன்னாருக்குப் பிறந்தீர்கள், கல்யாணமாகாதவர் என்று எதையும் அங்கே சான்றாக வாங்கலாம். வாங்கியவர்கள் இருப்பதாகவும் கேள்வி. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக என் அப்பா சுப்ராயன் இருப்பிடச் சான்று கேட்டு அங்கே மனு கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இருப்பிடச் சான்று மூன்றாம் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கோவிந்தராசு. விசாரணைக்கு ஆள் வரும்போது மனுதாரர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆள் எப்போது வருவார் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பதும் விதி. வந்து வந்து விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார் கோவிந்தராசு. அப்பாவுக்குப் பால் சொசைட்டியில் வேலை, காலையோடு முடிந்துவிடும். மிச்சப் பகலெல்லாம் நிலையத்தில் போய் உட்கார்ந்து, விசாரணைக்கு ஆள் எப்போது வருவார் என்று விசாரித்தார். அவர் அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆள் வீட்டுக்கு வந்து, மனுதாரர் மேற்படி முகவரியில் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அப்பா மறு மனு கொடுத்தார். அது என்ன ஆயிற்று என்று கேட்க மறுபடி நிலையத்துக்குப் போனார். ஆள் மறுபடி வீட்டுக்கு வந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நானும் நிலையத்தில் அவர் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு வந்துவிடுவேன். அப்பா மஞ்சள் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுப்பார். தின்றுகொண்டே கோவிந்தராசுவைப் பார்ப்பேன். பார்க்க அங்கே வேறு எதுவும் இல்லை. தள்ளுபடியான மனுக்களின் பின்பக்கத்தில் அவரை வரைவேன். பேனா மூடி, கண்ணாடி, இழுப்பறை, காதுக்குள் சுண்டுவிரல். உண்மையைச் சொன்னால் அந்த மத்தியானங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அப்பா பக்கத்தில் இருந்தார், எனக்கு அது போதும்.

தற்காலிகமாகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். சென்னையில் கல்லூரியும் முடித்துவிட்டு வந்து பார்த்தால் அப்பா அதே பெஞ்சில் இருந்தார். என் படிப்பே முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

"ஃபைல் ஓப்பன்ல கெடக்கும்மா. பாதியில விட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார்.

அவர் இறந்த அன்று விசாரணைக்கு ஆள் வந்தார். வாசலில் பந்தல் போட்டிருந்தது. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மனுதாரர் மேற்படி முகவரியில் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டார். அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். சான்றில் கையெழுத்தானதும் மனுதாரர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டியது என்று அடுத்த வாரம் தகவல் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம், அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

அந்தப் பெஞ்சுப் பெரியவருக்கு உட்கார்ந்திருக்கிற அசைவுகள் மட்டும்தான் செய்திருந்தேன். எழுந்திருக்கிற அசைவு செய்யவில்லை. எழுந்து வரச் சொல்லி அவரை யாரும் கூப்பிடப்போவதில்லை.

இந்த வருடம் லியோன் ஸ்டூடியோவில் ஒரு புது விதி போட்டார்கள். பிரான்சுக்கு வெளியே இருந்து வேலை பார்க்கிறவர்கள், இன்ன ஊரில்தான் குடியிருக்கிறோம் என்று அந்த ஊர் அரசிடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். மே மாதத்துக்குள் வராவிட்டால் லியோனுக்கே குடிவந்துவிட வேண்டும். விமானச் செலவு, வீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதை ஒரு தண்டனையாக எண்ணிக் கண்ணீர் விட்டவள் காரைக்காலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா சோஃபி பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி, அப்பா போனபிறகு என் தம்பி புரூனோவோடு லியோனில்தான் இருக்கிறாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொறந்த தேதிக்கு எத்தா சிவில் பதிவு ஆபீசுல ஒரு பேப்பர் வாங்க எங்கப்பா காலத்துலயே செருப்பு தேஞ்சுது, பேசாம கெளம்பி வா என்றாள்.

நான் கிளம்ப விரும்பவில்லை. முன்னறை ஜன்னலில் பஸ் நிறுத்தம் தெரியும். அங்கே நிற்கிறவர்கள்தான் என் மூலதனம். லியோனுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். அங்கே நிற்கிறவர்கள் ஒழுங்காக நிற்கிறார்கள், அதில் எனக்கு வேலையில்லை. அதோடு, இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று நிரூபிக்க முடியாமலே அப்பா போய்ச் சேர்ந்தார். அதே காகிதம் இல்லாததால் நானும் இந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதா என்று நினைத்தாலே வயிறு எரிந்தது.

நிலையத்துக்குப் போனேன். டோக்கன் மெஷின், ஏசி என்று புதுக்கோலம். மூன்றாம் ஜன்னலில் ஆளில்லை. கோவிந்தராசு ஓய்வு பெற்று இரண்டு வருடமாயிற்றாம், பதவி காலி. இரண்டாம் ஜன்னலில் நஜீபா என்கிற இளம்பெண் இருந்தாள்.

"இருப்பிடச் சான்று மூணாம் ஜன்னல்க்கா" என்றாள்.

"அங்க ஆள் இல்லையே."

"ஆள் இல்லன்னாலும் அதுதான் ஜன்னல்."

நிலையத்தின் தலைமை அதிகாரி சிவராமன் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். மனுவை வாங்கலாம், கணினியில் ஏற்றலாம், விசாரணை நடத்தலாம், எதற்கும் தடையில்லை என்றார். கையெழுத்து மட்டும் அந்த இருக்கையில் இருப்பவர்தான் போட வேண்டும். இருக்கைக்கு ஆள் கேட்டுப் புதுச்சேரிக்கு எழுதியிருக்கிறார். இருக்கைக்கு ஆள் தேவை என்று அந்த இருக்கையில் இருப்பவரே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது.

விசாரணைக்கு மன்சூர் அலி என்பவர் வந்தார். அப்பா செய்த தவறை நான் செய்யவில்லை. வீட்டை விட்டு நகரவே இல்லை. அவர் வந்தார், பார்த்தார், போனார். மறுபடி வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது முகம் வாடியிருந்தது.

"எப்ப வந்தாலும் வீட்லயே இருக்கீங்களேம்மா. வேலைக்குப் போறதில்லையா?"

"வேலையே இங்கதான் சார்."

"அப்ப இது வேலை பாக்குற எடம்."

"வீடும் இதுதான்."

"அதெப்படிம்மா, வேலை பாக்குற எடம்னா அஞ்சு மணிக்குக் கெளம்பி வீட்டுக்குப் போகணும். நீங்க எங்க போவீங்க?"

நான் பின்னறையைக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் பின்னறையைப் பார்த்துவிட்டு வந்து யோசித்தார். டீ குடித்தார். மனுதாரர் மூன்று முறையும் முகவரியில் இருந்தார், எப்போதும் வீட்டிலேயே இருப்பதால் எங்கே குடியிருக்கிறார் என்று தெரியவில்லை என எழுதினார். எழுதியதை எனக்குப் படித்தும் காட்டினார். அவருக்கே சங்கடமாக இருந்தது.

"என்னம்மா பண்றது, எழுத உக்காந்தா அப்படித்தான் வருது" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் சிவராமன் கூப்பிட்டனுப்பினார். போனால் அவர் கையில் கைபேசி, அதில் எங்கள் விளையாட்டு. சென்னையில் படிக்கிற அவர் மகள் சந்திரலேகா அனுப்பியிருக்கிறாள்.

"இது எங்க கோவிந்தராசுதான?" என்றார்.

இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பேனா மூடியைத் திருகுகிறபோது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்ப்பதுவரை அப்படியே வைத்திருந்தேன். மானநஷ்ட வழக்குப் போடப்போகிறார்கள், கோர்ட்டில் எந்தப் பெஞ்சில் உட்காரவேண்டுமோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து வந்து கும்பிட்டார். எங்கள் நிலையத்தை உலகமே நின்று பார்க்கிறதாமே என்று பெருமையோடு கேட்டார்.

பாராட்டு விழாவை நிலையத்தின் கூடத்திலேயே வைத்தார்கள். அன்று பொதுமக்கள் சேவைக்கு விடுமுறை. அதை ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் அவர்கள் வழக்கம்போல வந்து காத்திருந்தார்கள். எங்கள் பழைய பெஞ்சைக் கண்டெடுத்து மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். அதில் யாரும் உட்காராதபடி சுற்றிக் கயிறு. எனக்குப் பொன்னாடை போட்டார்கள். சிவராமன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம நிலையத்தப் பத்திக் கொறை சொல்றவங்க இருக்காங்க. மனு குடுத்தா நடக்கல, நடக்கலன்னு. நான் கேக்குறேன், நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்? இவங்க அப்பா மனு குடுத்த அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருந்தா, இந்தக் கொழந்த பெஞ்சுல உக்காந்திருக்குமா? வீட்டுக்குப் போயிப் பாடம் படிச்சிருக்கும். இன்னிக்கு ஏதோ ஒரு பேங்க்ல இருந்திருக்கும். ஒரு கையெழுத்தப் போடாம, அவசரப்படாம, வருஷக் கணக்கா பொறுமையா இருந்து ஒரு கலைஞர உண்டாக்கியிருக்கோம். இத எந்தக் கல்லூரி செய்யும்? இப்பவும் தெனம் எத்தனையோ கொழந்தைங்க நம்ம கூடத்துல காத்துக்கெடக்குது. அதுல எத்தனை மேதைங்க இருக்காங்களோ, நமக்கு என்ன தெரியும்?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. காத்திருந்த ஜனங்களும் தட்டினார்கள். தங்கள் பிள்ளைகளை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்து கோவிந்தராசு. தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். மைக்கின் தலையைத் திருகிப் பார்த்தார், ஊதினார், துடைத்தார்.

"நான் ஒண்ணும் பெருசா செய்யல" என்றார். தன்னடக்கம் என்று தட்டினார்கள். "நான் ஒண்ணும் செய்யலன்னு மேல இருக்கவங்களுக்கும் தெரியும், ஜன்னலுக்கு வெளிய நின்னவங்களுக்கும் தெரியும். ஆனா அத இவ்ளோ அழகா செஞ்சிருக்கேன்னு இந்தப் பொண்ணு காட்டித்தான் எனக்கே தெரிஞ்சுது."

கீழே இறங்கும்போது என் பக்கத்தில் வந்து, மஞ்சப்பையோட வருவாரே அவரு பொண்ணா நீ என்று மெல்லக் கேட்டார். நல்ல மனுஷன், ஒரு நாள்கூட முகம் கோணினதில்லை என்றார். இத்தனை வருடம் வளர்த்த கோபத்தை அவர் முகத்தில் கொட்ட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றேன்.

விழாவின் நிறைவாக மூன்றாம் ஜன்னலில் ஒரு பெரிய திரையைத் திறந்துவைத்தார்கள். அதில் என் குமாஸ்தா, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டு, ஆளுயரத்துக்கு. சிவராமன் கேட்டுத்தான் செய்து கொடுத்தேன். செய்து கொடுத்தால் என் சான்றைக் கவனிப்பார் என்று ஒரு நப்பாசை.

மறுநாளிலிருந்து ஜனங்கள் அந்த ஜன்னலுக்கு வரத் தொடங்கினார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து வந்தவர்கள், பட்டினச்சேரியிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு திரை முன்னால் நின்றார்கள். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார். பேனாவைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் கலைந்து போனார்கள், மறுநாள் வந்தார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு அம்மாள் மட்டும், புது ஆள் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறார், வள்ளென்று விழுவதில்லை என்று நஜீபாவிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். புகார்ப் பெட்டி காலியாகவே கிடந்தது.

சிவராமன் இதைக் கவனித்தார். இருக்கை நிரப்பப்பட்டுவிட்டது என்று புதுச்சேரிக்கு எழுதினார். திரைக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு வரி ஒதுக்கினார்கள். கரண்ட் போனால் நஜீபா அதன் பேரில் அரை நாள் விடுப்பு போட்டாள். ஆள் சும்மா இருந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், படம் சும்மா இருந்தால் கரண்ட் பில்லோடு போயிற்று என்று சிவராமன் என்னிடம் கணக்குச் சொன்னார். இருப்பிடச் சான்று சம்பந்தமான சகல அதிகாரமும் மூன்றாம் ஜன்னல் திரையையே சாரும் என்று முறைப்படி ஆணையும் போட்டுவிட்டார்.

மே மாதம் பிறந்துவிட்டது. என் சான்று என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டேன்.

"அதான் சீட்டுல ஆள் இருக்காரேம்மா. அவரப் பாருங்க" என்றார்.

அவரைப் போய்ப் பார்த்தேன். மனுவோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும் ஜன்னல் முன்னால் நின்றேன். ஒவ்வொரு அசைவும் என் கையால் செய்தது, அடுத்து என்ன வரும் என்று மனப்பாடம். இருந்தும் அவர் பேனா மூடியைத் திறந்தபோது, இந்தத் தடவை போட்டுவிடுவார் என்று என் மனம் ஒரு கணம் நம்பிவிட்டது. அவர் முனையை வெளிச்சத்தில் பார்த்தார். மூடினார். எனக்குப் பின்னால் நின்ற மீனவர், நீங்க கொஞ்சம் பணிவா நிக்கணும்மா, அப்பத்தான் செய்வாரு என்று சொல்லிக்கொடுத்தார். அப்பா ஏன் அத்தனை வருடம் போனார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு தடவையும் அந்த மூடி திறந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவினேன். ஒன்றும் செய்யாமலிருக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே, செய்யவும் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது.

சிவராமனிடம் முறையாக அனுமதி கேட்டேன். திரையில் சில கலை மேம்பாடுகள், குமாஸ்தா கையெழுத்துப் போடுவதுபோல ஒரு அசைவு, கூடவே பிரின்டரோடு ஒரு இணைப்பு. பார்க்க நன்றாக இருக்கும், செய்யுங்கள் என்றார். கோவிந்தராசுவின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து மாதிரி கேட்டேன். தாராளமாகப் போட்டுக் கொடுத்தார். அதிகம் புழங்காததால் சின்ன வயதில் பழகிய அழகு குலையாமல் அப்படியே இருக்கிறது என்று அவரே வியந்து பார்த்துக்கொண்டார்.

குமாஸ்தாவுக்கு நான் வைத்த விதி ஒன்றுதான். விசாரணையின்போது மனுதாரர் முகவரியில் இருந்தாரா? இருந்தார் என்று நிலையத்துக் கணினியில் அறிக்கை இருந்தால் கையெழுத்து. பழைய மனு முதலில். மன்சூர் அலியின் புண்ணியத்தில் நான் மூன்று தடவையும் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நிலையம் திறந்தது. குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பேனா மூடியைத் திறந்தார். முனையை வெளிச்சத்தில் பார்த்தார். குனிந்து கையெழுத்துப் போட்டார். ஜன்னலுக்குக் கீழே பிரின்டர் கடகடத்துத் துப்பிய முதல் காகிதத்தை முன்னால் நின்றிருந்த நான் எடுத்தேன்.

அது என்னுடையதல்ல. சுப்ராயன் என்பவர் கோட்டுச்சேரியில் மேற்படி முகவரியில் குடியிருக்கிறார் என்று சான்றளிக்கப்படுகிறது என்று இருந்தது. கீழே கோவிந்தராசுவின் அழகான கையெழுத்து.

பழைய மனு முதலில் என்று எழுதியவள் நானேதான். ஆனாலும் இதை நான் யோசிக்கவில்லை. அந்தக் கூடத்தில் அத்தனை பேர் பார்க்க நின்று அழுதேன். நஜீபா ஜன்னலை விட்டு எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாள். அதற்குள் பிரின்டர் அடுத்தடுத்து துப்பிக்கொண்டிருந்தது. ஜனங்கள் முதலில் பயந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். செய்தி பரவி கோட்டுச்சேரி பஸ்ஸில் நிற்க இடமில்லை. மத்தியானத்துக்குள் என்னுடையது உட்பட எல்லாருடைய சான்றும் கைக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நிலையத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

அந்த வெறுமையைக் கண்டு ஊழியர்கள் நடுங்கிப்போனார்கள். வாசலில் டீக்கடைக்காரர் வந்து நியாயம் கேட்டார். சிவராமன் தன் அறையை விட்டு வெளியே வந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன காரியம்மா பண்ணீங்க. கையெழுத்துப் போட்டது தப்புன்னு சொல்லல. கேட்ட அன்னிக்கே போட்டதுதான் தப்பு. நாளைக்கு ஒண்ணாம் ஜன்னலும் போடணும்பாங்க. அப்புறம் ஜனங்க எதுக்கு இங்க வருவாங்க? ஜனங்களே வரலன்னா நாங்கள்லாம் எதுக்கு?"

அவர் கேட்டதிலேயே பதில் இருந்தது.

திரைக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள், அதன் சட்டமிட்ட ஓரத்தில் ஒட்டி. விளக்கம் வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, மாஹேக்கு மாற்றல் போட்டார்கள். எங்கள் புதுச்சேரிப் பிரதேசத்தில் அதிகப்படியாக நடந்துகொள்கிற ஊழியர்களுக்குக் கேரளக் கரையில் மாஹே, இல்லையென்றால் ஆந்திரப் பக்கம் ஏனாம். குமாஸ்தாவை வைக்கோல் திணித்த பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றினார்கள். நஜீபா விடைபெறும் முகமாக ஒரு சாமந்திப்பூ வைத்தாள்.

அன்று கொடுத்த சான்றுகளையெல்லாம் ரத்து செய்யவும் சிவராமன் முயன்றார். ஒரு சான்றை ரத்து செய்யும் அதிகாரம் அதைக் கொடுத்த இருக்கைக்கு மட்டுமே உண்டு என்று விதியைக் காட்டினார்கள், அவரே கையெழுத்திட்ட ஆணையையும் காட்டினார்கள். இருக்கைக்கு உரியவர் மாஹே போகிற வழியில் இருக்கிறார். அங்கே இன்னும் பணியில் சேரவில்லை. சேருவதற்கு முதலில் அவருக்கு இருப்பிடச் சான்று வேண்டுமாம்.

என் சான்றை லியோனுக்கு அனுப்பினேன். நன்றி, காரைக்காலிலேயே இருங்கள் என்று பதில் வந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அப்பாவின் சான்றை எங்கும் அனுப்பவில்லை. முன்னறையில், அவர் படத்துக்குக் கீழே, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். விசாரணைக்கு இனி யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்த வாரமே விளையாட்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்து அனுப்பினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. மூன்றாம் ஜன்னல் குமாஸ்தா அங்கே இன்னமும் பேனாவை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அது அவருடைய புகழ், அதில் நான் கை வைக்கவில்லை. எதிர்ப் பெஞ்சுப் பெரியவருக்கு மட்டும் ஒரு அசைவு. செய்து முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது, டிராகனுக்குக்கூட யாரும் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள். முழங்காலில் கை ஊன்ற வேண்டும். பையைத் தோளில் மாட்ட வேண்டும். வேட்டியை ஒரு உதறு உதறிக் கட்ட வேண்டும். இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்த மனிதர் சட்டென்று எழுந்துவிட முடியாது.

பத்து நாள் கழித்து லியோனிலிருந்து ரேமோன் எழுதினான். எங்கள் ஸ்டூடியோவில் பிழைகளைத் திருத்துகிறவன் அவன். விளையாடுகிறவர்களிடமிருந்து புகார் வந்திருக்கிறது, கருவூலத்தில் பெஞ்சில் இருந்த பெரியவர் காணாமல் போய்விட்டார், எந்தத் தெருவில் தேடியும் இல்லை, இந்தப் பிழையை எப்போது சரிசெய்வாய் என்று கேட்டிருந்தான்.

பிழை இல்லை, அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று பதில் எழுதினேன்.